அடிநாக்கு

முதலில் கண்டுபிடித்தது கிரேன்காரன்தான்.
ஐம்பது மீட்டர் உயரத்துக் கூண்டிலிருந்து
வாக்கிடாக்கியில் கேட்டான் பல்பீர்:
"கீழே யாரு? திரவியம் லீவா?"
நான்தான், என்றேன்.
நம்பாமல் கொக்கியை அப்படியே நிறுத்திவைத்தான்.

ஒரு வாரமாய்
எச்சில் விழுங்கும்போதெல்லாம்
ஊறிய புளியங்கொட்டை ஒன்று
இறங்க மறுத்து நின்றது.
"வாய்ல என்ன கொழுக்கட்டையா?" என்றாள் செல்வராணி.
சிக்னல் சரியில்லை என்றேன்.
நுனிநாக்கில் அதைச் சொல்லிவிடலாம்.

சோஹாருக்கு வியாழன்தோறும் வரும்
எகிப்து டாக்டர்
மூக்கு வழியே ஒரு கறுப்பு ஒயரை விட்டார்.
கண்ணீர் தானாக வந்தது; நான் அழவில்லை.
திரையில் என் நாக்கின் பின்புறம்.
நாற்பத்தொரு வருடம் கூடவே இருந்தும்
இப்போதுதான் முகம் பார்க்கிறேன்:
சீத்தாப்பழத் தோல் மாதிரி
முண்டும் முடிச்சுமாய்ச் சிவந்து
குரல்வளை மூடியின் மேல்
சாய்ந்துகொண்டிருந்தது.

"புற்றா" என்று கேட்க
அரபியும் வரவில்லை, ஆங்கிலமும் வரவில்லை.
கழுத்தைப் பிடித்துக் காட்டினேன்.
சிஸ்டர் லின்சிக்குப் புரிந்தது.
"அல்ல சேட்டா. இதுவும் டான்சில்தான்.
வாய் திறந்தா தெரியிறது ரெண்டு.
இது நாக்கோட வேர்ல, யாருக்கும் தெரியாம."
பிறகு டாக்டருக்காகக் கேட்டாள்:
சின்ன வயதில் அந்த இரண்டையும் எடுத்ததுண்டா?

உண்டு. பாளையங்கோட்டையில், ஒன்பது வயதில்.
எவர்சில்வர் கிண்ணத்தில் கொண்டுவந்து காட்டிவிட்டு
அப்பாவை ஐஸ்கிரீம் வாங்கிவர அனுப்பினார்கள்.

ஆக, வாசலில் நின்ற இரண்டு பேருக்கும்
அன்றைக்கே எக்சிட் அடித்தாயிற்று.
மாற்று ஆள் வரவில்லை.
பின்கட்டில் இருந்தவன்
மூன்று பேர் டூட்டியை
முப்பத்திரண்டு வருடமாய்ப் பார்த்திருக்கிறான்.
உள்ளே வரும் கிருமிகளையெல்லாம்
ஒற்றை ஆளாய் நிறுத்தி விசாரித்து,
ஓவர்டைம் என்று ஒரு வார்த்தை கேட்காமல்.
வீங்காமல் என்ன செய்வான்?
எங்கள் சைட்டிலும் அப்படி ஒருத்தன் உண்டு.
பெயர் சொல்ல மாட்டேன்.

மீதியெல்லாம் என் கைங்கரியம்.
சிமெண்ட் தூசி.
போன ரமலானுக்குப் பிறகு கழுவாத
ஏசி வலை.
ஷிப்ட் முடிந்து பன்னிரண்டு மணிக்குப்
பரோட்டாவும் சால்னாவும்,
கை ஈரம் காயும் முன் படுக்கை.
மூன்று மணிக்கு வயிற்றுப் புளிப்பு
படியேறி வந்து
அவனைச் சுட்டுவிட்டுப் போகுமாம்.
சிகரெட் நாளுக்கு நாலு என்றேன்.
டாக்டர் திரையைப் பார்த்தார்.
ஏழு, என்றேன்.

அடிநாக்கில் நஞ்சு என்று
யாரோ தப்பாகச் சொல்லிவைத்திருக்கிறார்கள்.
நஞ்சை மறிக்க நின்றவன் அல்லவா அவன்.

கட்டிலின் தலைமாட்டை
முக்கால் சாண் உயர்த்தச் சொன்னது சீட்டு.
அடுக்குக் கட்டிலில் என்னுடையது கீழே.
சைட்டிலிருந்து இரண்டு மரக்கட்டை கொண்டுவந்து
முட்டுக் கொடுத்தேன்.
மேலே படுக்கும் மொஃபிசுலும்
சேர்ந்து சரிந்தான்.
முதல் இரவு வங்காளத்தில் திட்டினான்.
மூன்றாம் காலை
நெஞ்சைத் தடவிச் சிரித்தபடி சொன்னான்,
வருடக்கணக்கான எரிச்சல் நின்றுவிட்டதாம்,
அவனுக்கு.

எனக்குப் புளியங்கொட்டை
கடுகாகவில்லை இன்னும்.
பட்டாணி அளவு என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆறு வாரம் கழித்து மறுபடி ஒயர் விடுவார்.
ஒரு பக்கம் மட்டும் வளர்ந்திருந்தால்
கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவாராம்.
இதைச் செல்வராணியிடம் சொல்லவில்லை.
மாத்திரை தந்திருக்கிறார்கள் என்பதோடு
நிறுத்திக்கொண்டேன்.
அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.
சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

இன்று காற்று அதிகம்.
கான்கிரீட் தொட்டி
ஆடிக்கொண்டே இறங்கியது.
"ஹோல்ட்" என்றேன், பாதிக் குரலில்.
யாரென்று கேட்காமல்
நிறுத்தினான் பல்பீர்.