வலப்பக்கம் உதிரும் எண்

த்ரோன்ஹெய்மில், நித் ஆறு கடலைத் தொடும் இடத்தில்
படகு இன்ஜின் பழுதுபார்த்த கொட்டகை.
நெற்றியில் தகர இலக்கங்கள் எட்டு,
ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆணி:
73939133.
கடை மூடி ஆறு வருடம். அழைத்தால்
அப்படியோர் எண்ணே இல்லை என்கிறது ஒரு பெண்குரல்.

அந்த இல்லாத எண்ணை
நாளுக்குப் பதினொரு முறை கடக்கிறது என் பேருந்து.
கடைசி நிறுத்தத்தில் நான்கு நிமிடம் நிற்பேன்.
காபி ஆறுவதற்குள் ஒரு வகுத்தல்,
சீட்டுச் சுருளின் முதுகில், பென்சிலால்.
ஏழால் வகுத்தேன், மீதி இரண்டு.
பதின்மூன்று, மீதி எட்டு.
பத்தொன்பது, ஆறு.
நாற்பத்தேழு, ஏழு விட்டுப்போன அதே இரண்டு.
எட்டாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் வரை போகவேண்டும்,
வழியில் ஆயிரத்துக்கு மேல் பகா எண்கள்.
ஒரு குளிர்காலம் முழுக்கப் போனேன்.
ஈவு கிடைத்தது ஒவ்வொரு முறையும்,
இரக்கம் கிடைக்கவில்லை.
யாருக்கும் பங்கு தராத எண்.

நவம்பர்ப் புயல் கடைசி மூன்றைக் கொண்டுபோனது.
கடல் காற்று எப்போதும் வலப்பக்கமிருந்துதான்.
சரி, இனி உடைந்துவிடும் என்று
மறுபடி இரண்டிலிருந்து, இல்லை, மூன்றிலிருந்து தொடங்கினேன்.
7393913.
உடையவில்லை.
பனி பாளமாகச் சரிந்து இன்னொரு மூன்று.
739391.
உடையவில்லை.
ஒன்று போனது. ஒன்பது போனது, அது
நாய் கவ்விப்போனதை நானே பார்த்தேன்.
7393.
இதற்கு இருபத்து மூன்று வகுத்தல் போதும்,
ஒரே நாளில், இரண்டு காபியில் முடித்தேன்.
739.
73.

பணிமனையில் எய்லர்ட் சிரித்தான்:
"உதிர்வதையே பார்க்கிறாயே.
அந்த எட்டுக்கும் பின்னால் ஒன்று சேர்த்துப் பாரேன்."
பார்க்காமல் இருப்பேனா.
இரட்டைப்படை வைத்தால் இரண்டு உள்ளே வரும்.
ஐந்து வைத்தால் ஐந்தே வரும்.
ஒன்று வைத்தாலும் ஏழு வைத்தாலும்
இலக்கங்களைக் கூட்டும்போதே மூன்று கதவைத் தட்டும்.
மூன்றும் ஒன்பதும் கொஞ்ச நாள் அலைக்கழித்தன,
பிறகு அவையும் உடைந்தன.
இதற்குமேல் வளர அதற்கு வழியில்லை, எய்லர்ட்.
உதிரத்தான் தெரியும்.

ஏப்ரலில் ஏணியோடு வந்தாள் சின்னேவ,
கொட்டகையை விற்றுவிட்டாளாம்.
மிஞ்சிய ஏழைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.
எல்லாவற்றையும் சொன்னேன், மூச்சு வாங்க,
பயணிகள் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க.
அவள் காதோரம் சொறிந்துகொண்டாள்.
"தொலைபேசிக் கம்பெனிக்காரன் கொடுத்தது.
வரிசையில் அடுத்து அதுதான் இருந்தது.
எங்கள் இரண்டு பேருக்கும் அது மனதில் நின்றதே இல்லை,
அதனால்தான் சுவரில் அடித்தோம்."

ஏழு இப்போது என் கண்ணாடிக்குக் கீழே,
வேகத்தடையில் கிணுங்குகிறது.
சுவரில் ஆணித் துளைகள் பதினாறு.
நிறுத்தத்தில் நின்று பார்க்கிறேன்:
இரண்டாகப் பிரியும்,
பிரிந்தது இரண்டாகும்,
மறுபடி, மறுபடி,
பென்சிலே வேண்டாம்.
காபி சூடாகவே இருக்கிறது.