நாற்பத்தெட்டு வினாடித் துரு

எட்டாம் வகுப்பு பி பிரிவு, மூன்றாவது குழு.
ஆணி எப்படித் துருப்பிடிக்கிறது.
நாற்பத்தெட்டு வினாடி.

திருவொற்றியூரில் கடைசி மணி அடித்த பிறகு
ஸ்டாஃப் ரூம் ஜன்னலைச் சாத்துகிறேன்.
வெளியே டிரெய்லர்கள் ஹார்பர் வரிசையில் உறுமுகின்றன.
போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்துப்
பார்க்கிறேன்.

மூன்று சோதனைக் குழாய்கள்.
ஒன்றில் லாரித் தண்ணீர்.
அடுத்ததில் கொதித்து ஆறிய தண்ணீர், மேலே எண்ணெய்
(நான் கடலை எண்ணெய் என்றேன்,
ரீகன் வீட்டில் ரேஷன் பாமாயில்தான்.)
மூன்றாவதில் ஷூ டப்பாவில் கிடைத்த
சிலிக்கா பொட்டலம்.
ஆஸ்மா வீட்டு அலமாரியில் ஐந்து நாள்,
பத்து நிமிடத்துக்கு ஒரு படம்.

பகல் ஓடுகிறது.
தெருவில் பாரவண்டி போகும்போதெல்லாம்
ஆணிகள் மூன்றும் சேர்ந்து நடுங்குகின்றன.
ஆறாவது வினாடியில் திரை கறுப்பு.
வெள்ளை எழுத்து:
"போன் அப்பாகிட்ட. நைட் டூட்டி."
மூன்று வினாடி, சத்தமே இல்லை.
பிறகு விடிகிறது.
முதல் ஆணியின் கழுத்தில்
நேற்று இல்லாத ஒரு செம்மண் வளையம்.

இப்படி ஐந்து இரவுகள்.

நான்காவது குழுவின் வீடியோ வழவழவென்று ஓடியது,
மேலே ஒரு கிடார் இசை வேறு.
ஸ்மார்ட் போர்டு முன்னால் எல்லோரும் கைதட்டினார்கள்.
நானும் தட்டினேன்.

மதிப்பெண் தாளில் "தொடர்ச்சி" என்றொரு கட்டம்.
ஐந்துக்கு இரண்டு போட்டுவிட்டுத்தான்
காலையில் ஆஸ்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன்:
ஏம்மா, முந்தின படத்தையே
இழுத்து நிரப்பியிருக்கலாமே?

"அப்போ நைட்டெல்லாம் ஆணி
சும்மா இருந்துச்சுனு ஆயிடும் மிஸ்"
என்றாள்,
மணி என்ன என்பதைச் சொல்வது போல.
சாப்பாட்டு வரிசைக்கு ஓடிவிட்டாள்.

இரண்டை அடித்தேன். ஐந்து எழுதவில்லை இன்னும்.
பாடக்குறிப்பேடு பக்கத்தில் கிடக்கிறது.
ஜூலை, செவ்வாய்க்கிழமை:
"அமிலம், காரம். செயல்விளக்கம் செய்து காட்டப்பட்டது."
என் கையெழுத்து, கீழே தலைமையாசிரியர் முத்திரை.
அன்று லேப் சாவி யாரிடம் என்றே தெரியவில்லை.
புத்தகத்தில் லிட்மஸ் தாளின் படத்தைக் காட்டி
சிவப்பு நீலமாகும் என்றேன்.
நாற்பத்திரண்டு பேரும் எழுதிக்கொண்டார்கள்.

பேனாவைத் திறந்து
அந்த வரியின் மேல் வைத்திருக்கிறேன்.
மை ஒரு புள்ளியாய் ஊறுகிறது.

ஜன்னலுக்கு வெளியே
வரிசை ஒரு வண்டி நீளம் நகர்கிறது.
அதில் எந்த டிரைவர் சட்டைப்பையிலோ
கீறல் விழுந்த அந்த போன்,
பாதித் துருவோடு.