அகற்றும் தேதி

முதலில் மூலையைத்தான் பார்ப்பேன்.
வலது கீழ் ஓரத்தில் ஒட்டுத்தாள்:
அனுமதி எண்,
இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை.
நடுவில் என்ன எழுதியிருக்கிறது என்பது
என் வேலையில்லை.
தள்ளுபடியோ திருவிழாவோ ரத்ததானமோ,
தேதி தாண்டினால் வெட்டு.

யீஷூன். காலை ஐந்தரை.
ஜைலானி லாரியை ஓரங்கட்டுவார்.
ஏணி, கத்தி, கறுப்புப் பை.
பிளாஸ்டிக் பட்டை அறும்போது
சுண்டு விரலைச் சொடுக்கினாற்போல ஒரு சத்தம்.
ஒரு விடியலில் நாற்பது சொடுக்கு.

போன வருஷம் கெத்தாய் மேடைக்கு ஒரு பதாகை.
ஏழாம் மாதம் முடிந்து
பேய்களெல்லாம் ஊர் திரும்பிவிட்டன.
பதாகைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.
"இப்ப யாருக்காகத் தொங்குது?" என்றார் ஜைலானி.
தாளில் இருக்கிறது, தொங்கட்டும் என்றேன்.

டியூஷன் விளம்பரத்துக்கு அனுமதியே கிடையாது.
கணக்கில் ஏ-ஒன் நிச்சயம் என்று
இரவில் வந்து ஒட்டும் ஆளை நான் கண்டதில்லை.
அவர் பசையைத் தெரியும்.
இந்த நகம் அதில் உடைந்ததுதான்.

சொல்ல வந்தது அதுவல்ல.

புளோக் 318க்குத் திரும்பும் முனை, கம்பம் 41.
அங்கே ஒரு கல்யாண அம்பு.
மஞ்சள் அட்டை. ஷஃபிகா, இர்வான்,
நடுவே ஒரு ரோஜா.
கல்யாணம் சனிக்கிழமை,
திங்களன்று கழற்றியிருக்க வேண்டும்.
நான் பார்த்தது வியாழன், மாலைச் சுற்றில்.
மழை பெயர்களைத் தின்றிருந்தது.
ரோஜா கத்தரிக்காய் நிறத்தில் வழிந்திருந்தது.
அம்பு மட்டும் அப்படியே
கீழ்த்தளத்தைக் காட்டிக்கொண்டு.

ஏணியின் இரண்டாம் படியில் நிற்கிறேன்,
டாக்சி ஒன்று வந்து நின்றது.
வெள்ளைச் சட்டை போட்ட இரண்டு பேர்
எண்ணைத் தேடினார்கள்,
அண்ணாந்தார்கள்,
அம்பு சொன்ன பக்கம் நடந்தார்கள்.
எட்டிப் பார்த்தேன்.
பிரியாணி பரிமாறிய இடத்தில்
நீல வெள்ளைத் துணித்தடுப்பு,
வட்ட மேசைகள், நிலக்கடலை,
தட்டு நிறையச் சிவப்பு நூல்.

துக்க வீட்டில் யாரும் அம்பு வைக்கவில்லை.
நேரமில்லையோ. ஆளில்லையோ.
அடுத்து ஒரு பெண், மலர்வளையத்தோடு.
அடுத்து பள்ளிச் சீருடையில் ஒரு பையன்,
கைப்பேசியில் வரைபடத்தைச்
சுழற்றிச் சுழற்றிப் பார்த்துவிட்டு
கடைசியில் அண்ணாந்து.

ஜைலானி ஹாரன் அடித்தார்.

விட்டுவிட்டுப் போயிருக்கலாம்.
ஆனால் தாமதத்துக்கு அபராதம் உண்டு,
அது என் பெயருக்கு வராது.
தேனிலவு முடிந்து கதவைத் திறந்தால்
ஷஃபிகாவின் காலடியில் ஒரு கடிதம்.
என் இரக்கத்துக்கு
அந்தப் பெண்ணா பணம் கட்டுவது?

வெட்டினேன். படம் எடுத்தேன்.
அகற்றப்பட்டது, மாலை 6.20.

பிறகு அட்டையைத் திருப்பினேன்.
பின்பக்கம் வெறும் வெள்ளை.
பையில் இருந்த தடித்த பேனாவால்
ஓர் அம்பு போட்டேன்.
இறந்தவர் பெயர் தெரியாது,
அதனால் அம்பு மட்டும்.
அதே கம்பத்தில், அதே உயரத்தில்,
பதினோரு வருஷமாக அறுத்த கையால்
முதல்முறை ஒரு பட்டையை இறுக்கினேன்.
முனையை எந்தத் துளையில் நுழைப்பது என்று
ஜைலானிதான் காட்டினார்.
"கோணலா இருக்கு" என்றார்.
வேறொன்றும் சொல்லவில்லை.

திங்கள் விடியலில் போனோம்.
துணித்தடுப்பு இல்லை.
கழுவிவிட்ட தரையில் ஈரம் மட்டும்.
அனுமதியில்லா அட்டை ஒன்று, வெட்டினேன்.
வைத்தவர் யார் என்ற கட்டத்தில்
தெரியவில்லை என்று எழுதினேன்.

அட்டை இருந்த இடத்துக்குச் சற்றுக் கீழே
சிவப்பு நூல், ஒரு விரல் நீளம்.
வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாதென்று
யாரோ கம்பத்தில் சுற்றிவிட்டுப் போனது.
அதில் எண் இல்லை, தேதி இல்லை.
கத்தியை மடித்தேன்.

படிவத்தில் நூலுக்குக் கட்டமில்லை.