ஊதா நிறம்

கோரையாற்றுப் பாலத்தின் அகலம்
ஒரு டிராக்டரும் ஒரு சைக்கிளும்.
அதன் நட்டநடுவில் நின்றுவிட்டது
தாஜுதீன் பாய்க்கு மகன் வாங்கித் தந்த கார்.

பஞ்சர் இல்லை. டேங்க் நிறைய பெட்ரோல்.
திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது:
'மேம்படுத்தப்படுகிறது. காத்திருக்கவும்.'
கூத்தாநல்லூர் தாண்டினால் சிக்னல் ஒரே கோடு,
அதுவும் மூங்கில் தோப்புவரை வந்து
யோசித்துத் திரும்பிவிடும்.

கார் பின்னால் நான்.
டிரெய்லரில் எழுபத்திரண்டு மூட்டை சம்பா.
கொள்முதல் நிலையத்தில் ஆறு மணிக்கு
தராசை மூடிவிடுவார்கள்.
வேதாரண்யம் பக்கம் வானம்
அடிப்பிடித்த பால் நிறத்தில்.

சார்ஜாவிலிருந்து மகன் பேசினான்.
அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது:
டயரில் எவ்வளவு காற்று,
உள்ளே எத்தனை டிகிரி.
"வண்டி பாலத்து மேல நிக்குது அத்தா."
"அதான் நானும் நிக்கிறேன்" என்றார் பாய்.

அங்கிருந்தே ஹாரன் அடித்துக் காட்டினான்.
பின்கதவு தானாகத் திறந்து தானாக மூடியது.
சக்கரம் மட்டும் அசையவில்லை.
கடல் தாண்டி நீண்ட விரலால்
தாளடியில் மேய்ந்த கொக்குகளைக்
கிளப்ப முடிந்தது, அவ்வளவுதான்.

எதிரே அறுப்பு மெஷினோடு
ஆத்தூர் செங்கோடன்.
இறங்கினார், சுற்றி வந்தார், பீடியை அணைத்தார்.
ஜாக்கி வைத்து ஒவ்வொரு சக்கரமாகத் தூக்க
ஆற்றில் நனைத்த சாக்கை அடியில் செருகினோம்.
மெஷின் கயிறு கட்டிப் பின்னால் போகப் போக
கண்ணை மூடிக்கொண்டு
சறுக்கி வந்தது கார்.

அப்போது மட்டும் சிக்னல் நாலு கோடு.
"அத்தா, யாரோ வண்டியத் திருடுறாங்க!"

நான் இதற்கெல்லாம் விரோதி இல்லை.
என் பம்புசெட்டிலும் ஒரு சிம் கார்டு உண்டு.
மிஸ்டு கால் விட்டால் ஓடும், மறுபடி விட்டால் நிற்கும்.
மும்முனைக் கரண்ட் ராத்திரி இரண்டுக்கு வந்தால்
விரியன் கிடக்கும் வரப்பில் நடக்க வேண்டாம்.
என்னைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது,
யாருக்கும் சேதி சொல்லாது.
ஆனியில் தண்ணீர் கீழே போனபோது
காயில் கருகும்வரை 'ஓடுகிறது' என்றே சொன்னது.
அந்த ஒரு பொய்யை மன்னித்துவிட்டேன்.

பாய் வீட்டு ஃபிரிட்ஜ்
பால் தீர்ந்ததென்று போனுக்குச் சொல்கிறதாம்.
அது சொல்வதற்குள் மாசிலாமணி
வாசலில் மணி அடித்துவிடுகிறார்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஆறு இருபது.
தராசின் மேல் நாய் படுத்திருந்தது.
ராத்திரி மழை. தார்ப்பாயில் எங்கோ ஓட்டை.
காலையில் ஈரப்பதம் பத்தொன்பது என்றார்கள்,
எந்தக் கோபுரத்தோடும் பேசாத
கையடக்கக் கருவியைக் காட்டி.
அதையும் நான் முழுசாக நம்பவில்லை.
இரண்டு நாள் ரோட்டில் கொட்டிக் காயவைத்தேன்.

மூன்றாம் நாள் பாய் வந்தார், போனை நீட்டினார்:
'மேம்பாடு வெற்றிகரமாக முடிந்தது.'
என்ன மேம்பட்டது என்றேன்.
கண்ணாடியை ஏற்றிவிட்டு நெடுநேரம் படித்தார்.
"உள்ள எரியிற லைட்டு
இனிமே ஊதாவுலயும் எரியுமாம்."

நாலு சாக்குக்குக் காசு கொடுத்தார்.
வேண்டாம் என்று சொல்லவில்லை.