எட்டுக் குதிரைகளும்

பூட்டிய கண்ணாடிக்குள் ஓர் ஈயத்தகடு.
என் உள்ளங்கை அகலம்தான்.
கடல் தாண்டி மூன்று மாதக் கடனாக வந்திருக்கிறது.
அதற்குத் தனிக் காவல், தனி விளக்கு, இன்சூரன்ஸ்.
வெளிப்பக்கம் துடைப்பது நான்.
ஈரத்துணி கூடாது.

என்ன கிறுக்கல் இது என்றேன்.
ஷெர்னாஸ் மேடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:
சாபம். ரோமர் காலத்துத் தேர்ப்பந்தயம்.
எதிராளி குதிரைகளின் பெயரைக் கீறி,
சுருட்டி, ஆணி இறக்கி,
வயசு முடியாமல் செத்தவன் குழியில் போட்டுவிடுவார்கள்.
வாழாத நாள் மிச்சம் இருக்கிறதல்லவா அவனுக்கு,
அடங்கமாட்டான்,
சொன்ன வேலையைச் செய்வான்.

பெயர்களையும் வாசித்தார்.
தீக்கொழுந்து. சிட்டு. கடலோடி. பொறுக்காதவன்.
யார் ஜெயித்தது மேடம்?
அது எழுதப்படவில்லை.

அன்று சம்பள நாள்.
சாமிதாஸ் பந்தயப் புத்தகத்தோடு வந்து
சம்பளக் கவரைப் பற்றிப் பேசாமல் சாப்பிட்டார்.
ஞாயிறு மகாலட்சுமியில் ஐந்தாவது ஓட்டம்,
எட்டுக் குதிரை.

சசூன் டாக்கில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு
ஒன்று பத்து ரூபாய்.
அவர் தூங்கியதும் கேஸ் சிலிண்டரின் அடிவிளிம்பில் வைத்துத்
துணி போட்டுத் தட்டினேன்.
ஈயம் நல்ல பிள்ளை, சத்தம் போடாது,
அடித்த பக்கமெல்லாம் போகும்.

எந்தக் குதிரை தோற்க வேண்டும்?
அவர் கட்டியது தோற்றால்
விட்டதைப் பிடிக்க மறுவாரம் போவார்.
ஜெயித்தால் கேட்கவே வேண்டாம்.
அதனால் எட்டையும் எழுதினேன்:
லேட் மான்சூன், பிங்க் சீல், கர்னல்ஸ் டாட்டர்...
எட்டும் தோற்கட்டும்.
எல்லைக்கோட்டில் ஒன்றும் வராமல்
கூட்டம் வெயிலில் நின்று, அலுத்து,
வீட்டுக்குப் போகட்டும்.

தலைகீழாக எழுத வேண்டுமாம், வலமிருந்து இடம்.
லேட் மான்சூனின் லேயிலேயே மாட்டிக்கொண்டேன்.
நம் கொம்பு நேராக எழுதினாலே முன்னால் நிற்பது.
திருப்பினால் எங்கே நிற்கும்?
ரோமாபுரிப் பேய்க்குத் தமிழ் தெரியுமா என்ற கவலை
அதற்கு அப்புறம்தான் வந்தது.

வயசு முடியாதவன் எனக்குத் தெரிந்து ஒருவன்தான்.
எதிர்வீட்டு ஜெபசிங்.
மாஹிமுக்கும் மாட்டுங்கா ரோடுக்கும் நடுவே
ஏழு ஐம்பத்திரண்டு லோக்கலின் கதவிலிருந்து.
பத்தொன்பது.
கூரியர் வேலையில் சேர்ந்து நாற்பது நாள்.

சிவ்ரி கல்லறைக்குப் போனேன்.
அவன் இருந்த இடத்தில் வேறொருவர் இருந்தார்,
புது மாலையோடு.
குழிக்கும் தவணை உண்டு இந்த ஊரில்.
எலும்பைச் சுவர்ப்பொந்துக்கு மாற்றிவிட்டார்கள்,
ஒரு சதுரம், ஒரு எண்,
மேலே ஒரு சதுரம், அதற்கும் மேலே ஒன்று.
செத்தும் சாலில்தான் இருக்கிறாய், தம்பி.

தகட்டைப் பொந்தின் விளிம்பில் வைத்தேன்.
அவன் அம்மா சொன்னது ஞாபகம் வந்தது:
கடைசி வாரம் பூராவும் டபுள் ஷிப்ட்,
சட்டையோடு தூங்கினான்.

இவனை எழுப்பி
இன்னும் ஒரு பார்சல் கொடுக்கவா?
என் வீட்டுக்காரருக்காக, ஞாயிற்றுக்கிழமையும் பார்த்து?
எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஞாயிறு எட்டில் ஒன்று ஜெயித்தது.
எது என்று கேட்கவில்லை.
அவர் முகம் சொன்னது, எது இல்லை என்று.

தகடு இப்போது பீரோவின் ஆடும் காலுக்கு அடியில்.
நான்கு ஆணி வாங்கியது வீண்,
காலண்டருக்கு ஒன்று போனது.

நாளைக்கு ஊரைத் தோண்டுகிறவர்கள்
இதை எடுத்து, விளக்குப் போட்டு, படிக்கக்கூடும்.
எட்டுக் குதிரையை இவ்வளவு வெறுத்தவள் யார் என்பார்கள்.

நான் அவற்றைப் பார்த்ததே இல்லை.
ஒன்றைத் தவிர.
ஒரு விடிகாலை, ரயில் மகாலட்சுமியில் சிக்னலுக்கு நின்றபோது,
தூரத்தில், முதுகில் போர்வையோடு,
யாரையும் ஜெயிக்க வேண்டாத மாதிரி
நடந்துகொண்டிருந்தது.