ஏழாம் கட்டம்: இழப்பு

பதினைந்து லிட்டர் வாளி. கைபேசியில் நொடிக்கணக்கு.
மோட்டார் வாயில் பிடித்தால் ஒன்பது நொடியில் நிறைகிறது.
பாம்பன் போகும் ரயில் இரைச்சலில்
எண்ணிக்கை தவறியதோ என்று மறுபடி வைத்தேன்.
ஒன்பதுதான்.

இருமேனிக்குக் கிழக்கே, மாசி மாதம்,
ஆறு சிறுபாசனத் திட்டங்கள், மூன்று நாள் வேலை,
பெட்ரோலுக்குத் தனிக்காசு.
படிவத்தில் பதினோரு கட்டங்கள்.
கட்டம் போட்டவரை நான் பார்த்ததில்லை.
அவர் இந்த மணலைப் பார்த்திருக்கிறாரா,
அதுவும் தெரியாது.

துரைச்சிங்கம் தோப்பில் சொட்டுநீர்.
குழாய்க்குப் பக்கத்திலேயே இளநீர் வெட்டித் தந்தார்.
நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று வேரில் விழுகிறது,
கணக்குப் பார்த்துச் சொன்னதும்
மீசையைத் தடவிக்கொண்டார்.
மிச்சம் பிடித்த தண்ணீரை என்ன செய்தீர்கள் என்றேன்.
"இன்னும் நூத்திருபது பிள்ளை வச்சேன்"
கை நீட்டிய பக்கம்
முள்வேலி புதிதாக மின்னியது.
கிணற்றில் உப்புமானியை இறக்கினேன்.
போன மாசியில் ஆயிரத்து இருநூறு.
இப்போது மூவாயிரத்து நூறு.
இளநீர் இனிப்பாகத்தான் இருந்தது.

இந்தக் கரையில் நல்ல தண்ணீர்
உப்புத் தண்ணீரின் மேல் படுத்திருக்கிறது,
பழையசோற்றுப் பானையில் நீராகாரம் மாதிரி.
மேலாக மொண்டால் தெளிவு.
அகப்பையை ஆழ விட்டால்
அப்புறம் எத்தனை நாள் காத்திருந்தாலும்
பானை தெளியாது.
இதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.

நெய்னா முகம்மதுவின் வாய்க்கால் மண் வாய்க்கால்.
எண்பது மீட்டர், இரண்டு வளைவு,
நடுவில் நண்டுப் பொந்து, கோரை, ஒரு கிழிந்த சாக்கு.
நூறு குடம் விட்டால்
கத்தரிப் பாத்திக்கு அறுபத்திரண்டு.
முப்பத்தெட்டு, ஏழாம் கட்டத்தில்.
"சிமெண்டு பூச மானியம் வருமா?"
அவர் கேட்டது நியாயம்.
வரும். பரிந்துரைக்க வேண்டியது என் வேலை.

வாய்க்காலுக்குத் தெற்கே பன்னிரண்டு அடி தள்ளி
ஒரு குழி. இடுப்பளவு ஆழம்,
பனைமட்டை அண்டக்கொடுத்த கரை.
நம்புத்தாய் இறங்கிக் குடத்தைச் சாய்த்தாள்.
மல்லிகைப் பதியன்கள், நாலாயிரம் இருக்கும்,
ஈரத்துணி போர்த்திய பாத்தியில்.
ஐம்பத்தாறாவது குடத்தில் ஒரு வாய் எடுத்துக்
கொப்பளித்துத் துப்பினாள்.
"போதும். கரிக்க ஆரம்பிச்சிருச்சு. நாளைக்குத்தான்."
அவள் துப்பிய குடத்தில் உப்புமானியை வைத்தேன்.
ஆயிரத்து நானூறு.
என் கருவி எண்ணைச் சொல்கிறது.
நிறுத்தென்று சொல்வது அவள் நாக்கு.

மறுநாள் காலை நெய்னா மோட்டார் போட்டார்.
நான் வாய்க்காலுக்குப் போகவில்லை.
குழிக்குள் ஒரு குச்சியை நட்டு உட்கார்ந்தேன்.
முதல் அரைமணி ஒன்றுமில்லை. எறும்பு ஏறியது.
பிறகு வடபக்கச் சுவர் வியர்த்தது.
மணல் ஒரு பிடி உதிர்ந்தது.
குச்சியில் ஒரு விரல். மூன்று விரல்.
நக்கிப் பார்த்தேன். நல்ல தண்ணீர்.

முப்பத்தெட்டு குடமும் இங்கேதான் வந்ததா,
பாதியைக் கோரை குடித்ததா,
சொல்ல இன்னும் பத்து நாள் அளக்கவேண்டும்.
எனக்கு இருந்தது அன்றைய சாயங்காலம் மட்டும்.

"நம்ம குழிக்கு எத்தனை மார்க்கு?"
குடத்தோடு நின்று கேட்டாள்.
"அக்கா, உங்க குழி திட்டத்திலேயே இல்லை."
சிரித்தாள். "அதான் இன்னும் தண்ணி இருக்கு."

ராத்திரி உச்சிப்புளி லாட்ஜில்
படிவத்தை ஏற்றினேன்.
துரைச்சிங்கம்: மிக நன்று. பெட்டி தானே பச்சையானது.
நெய்னா: மோசம். சிவப்பு.
பரிந்துரை என்ற இடத்தில் இரண்டே தேர்வுகள்:
வாய்க்காலுக்குப் பூச்சு, அல்லது குழாய்.
இரண்டும் வேண்டாம் என்பதற்கு வழியில்லை.
வெறுமையாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது.

அடியில் குறிப்பு எழுத ஐம்பது எழுத்துக்கு இடம்.
"இழப்பு இல்லை, பக்கத்துக் குழிக்குப் போகிறது,
பூசும் முன்" என்று அடித்தபோது
இடம் முடிந்துவிட்டது.

பூசும் முன் என்ன, என்று யாராவது
கேட்பார்களா என்று
நம்பரையும் போட்டு வைத்திருக்கிறேன்.
மணி பதினொன்றரை. இராமேசுவரம் வண்டி போகிறது.
மேசையில் தண்ணீர்ச் சொம்பு
சின்ன வட்டங்களாக அதிர்கிறது.