மூன்று நாள் உணவுப் பதிவேடு

தொண்ணூற்றாறு பிப்ரவரி.
மூன்றாம் பாடத்தின் விடைத்தாள்
பனிப்புயலில் நான்கு நாள் பிந்தி
மாங்க்டனில் என் கதவிடுக்கில் விழுந்தது.
உறையில் உப்புக் கறை.
அனுப்புநர் வெர்னா ஸ்னூக்,
நியூஃபவுண்ட்லாந்தின் தென்கரை.
சாலை இல்லாத ஊர்,
படகு வந்தால்தான் தபால்.

நான் அவரைப் பார்த்ததில்லை.
முதல் பாடத்தில்
ஒரு கிராம் கொழுப்புக்கு நான்கு கலோரி என்றார்.
ஒன்பது என்று சிவப்பில் திருத்தினேன்.
இரண்டாம் பாடத்தில் நார்ச்சத்துக்கு முழு மதிப்பெண்.
எங்கள் பழக்கம் அவ்வளவுதான்.

'உங்களைப் பற்றி' என்று படிவத்தில் விட்ட பத்து வரியில்
அவர் நிரப்பியது ஒன்றரை:
மூன்று கிரெடிட் கிடைத்தால்
முதியோர் இல்லச் சமையலறையில்
மணிக்கு இரண்டு டாலர் கூட.

புதன்.
தேநீர், டப்பாப் பால் இரண்டு கரண்டி.
ரொட்டியின் கடைசித் துண்டு, மொலாசஸ் தடவி.
தேநீர்.
தேநீர்.
பலோனி இரண்டு வில்லை, பொரித்தது,
எண்ணெய் விடவில்லை, அதன் கொழுப்பிலேயே.
அறுநூற்று நாற்பது.

வியாழன்.
மேற்படி.
மேற்படி என்று எழுதக் கூடாதென்பது விதி.
நினைவு வந்திருக்க வேண்டும்,
எல்லாவற்றையும் மறுபடி எழுதி
கீழே பென்சிலில்:
உருளைக்கிழங்கு ஒன்று, சிறியது, தோலோடு.
எழுநூற்றுப் பத்து.

சனி.
தேவாலயக் கூடத்தில் விருந்து.
உப்பிட்ட மாட்டிறைச்சி, முட்டைக்கோஸ், டர்னிப்,
துணியில் கட்டி அவித்த பட்டாணி,
உலர்திராட்சைக் களி இரண்டு துண்டு,
பிறகு இன்னொன்று.
மூன்றாயிரத்து நூறு.
கையெழுத்துகூட அன்று கொஞ்சம் பருத்திருக்கிறது.

மூன்று நாளிலும் காட் மீன் இல்லை.
ஆலை மூடி நாலு வருஷம்.
கடல் மட்டும் ஜன்னலுக்கு வெளியே
இருந்திருக்கும்.

கூட்டல் சரி. மூன்றால் வகுத்ததும் சரி.
ஆயிரத்து நானூற்று எண்பத்து மூன்று, புள்ளி,
மூன்று, மூன்று, மூன்று என்று
ஓரம்வரை நடந்து
காகிதம் தீர்ந்ததால் நின்றிருந்தன இலக்கங்கள்.

கேள்வி ஆறு: உங்கள் சராசரி பற்றிக் கருத்துரைக்க.
'சராசரியாக நான் சாப்பிட்டிருக்கிறேன்.'

கேள்வி ஏழு: ஒரு மேம்பாட்டைப் பரிந்துரைக்க.
'புதன்கிழமையைச் சனிக்கிழமைக்குப்
பக்கத்தில் கொண்டுவரலாம்.'

விடைக்குறிப்பைப் புரட்டினேன்.
கால்சியம், கரும்பச்சைக் கீரை, அரைமணி நேர நடை:
ஏதேனும் ஒன்றுக்கு இரண்டு மதிப்பெண்.
கிழமைகளை நகர்த்துவது பற்றி ஒன்றும் இல்லை.

பத்து வருஷமாக
மாணவர்கள் தின்னாத ப்ரோக்கோலியைத் திருத்திவருகிறேன்.
பதிவேடு எழுதும் மூன்று நாளும்
எல்லாரும் ப்ரோக்கோலிதான்.

தாளுக்குப் பதினொரு டாலர்,
இருபது நிமிஷம் தாண்டினால் எனக்கு நஷ்டம்.
ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.
மேசையில் பாதி தின்ற லசான்யா ஆறிக் கிடந்தது.
ஏன் என்று தெரியவில்லை,
எடுத்துத் தராசில் வைத்தேன்.
மிச்சம் மட்டும் ஐந்நூற்றிருபது.

'போதுமான அளவு உண்ணுங்கள்' என்று எழுதினேன்.
எழுதிய கைக்கே வெட்கமாக இருந்தது.
அடித்தேன், மை கனக்க,
ஓர் எழுத்தும் தெரியாதபடி.

உணவு வங்கியின் எண்ணைத் தேடினேன்.
அருகில் இருப்பதே படகில் இரண்டு மணி நேரம்,
செவ்வாய் மட்டும்.
எழுதினேன்.
கணக்குக்கு விடை கேட்டவரிடம்
காலிப் பையை நீட்டச் சொல்லும் வேலை
யார் எனக்குக் கொடுத்தது?
அதையும் அடித்தேன்.
இந்த முறை ஒற்றைக் கோடு,
மெல்லியது,
வேண்டுமென்றால் படித்துக்கொள்ளலாம்.

ஏழாம் கேள்விக்கு இரண்டுக்கு இரண்டு.
தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம் போதும்
என்று ஒரு குறிப்பு,
ஏதாவது சொல்ல வேண்டுமே.

உறையை நாக்கில் ஈரப்படுத்தி ஒட்டினேன்.
பசை லேசாக இனித்தது.
அதற்கும் எந்த அட்டவணையிலாவது
ஓர் எண் இருக்கும்.